கைதட்டினேன், ஐந்தும் திரும்பின

முப்பத்தொரு வருஷம் பனியனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துச் சோறு தின்றவன் நான். ஓய்வு பெற்ற பிறகு ஒரே ஒரு ஆள்கூட என்னிடம் பனியனைப் பற்றிக் கேட்டதில்லை. நல்ல ஜாதி நாய்க்குட்டி எங்கே, யாரிடம் வாங்குவது என்றுதான் கேட்கிறார்கள். இத்தனைக்கும் வாழ்நாளில் நான் தேர்ந்தெடுத்தது ஒரே ஒரு குட்டி. அதையும் தப்பாகத் தேர்ந்தெடுத்தேன். சரியாகத் தேர்ந்தெடுத்தவர்களை யாரும் போன் போட்டுக் கேட்பதில்லை போலிருக்கிறது.

போன வாரம் கவிதா கூப்பிட்டாள். நான் வேலையை விட்டதும் கம்பெனியில் என் நாற்காலியில் உட்கார்ந்த பெண். இப்போது ஆடிட் என்றால் யாரும் வெயிலில் அலைவதில்லை. துணி தைத்துத் தரும் வெண்டர் தன் செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு யூனிட்டைச் சுற்றி வருகிறான். இவர்கள் ஏசியில் உட்கார்ந்து பார்த்து டிக் அடிக்கிறார்கள். அதே முறையில் ஒரு லாப்ரடார் குட்டியையும் பார்த்துவிட்டாளாம்.

“வீடியோல நல்லாத்தானுங்ணா இருக்குது. சரின்னு சொல்லிரட்டுங்களா?”

ஒரு நாள் பொறு கண்ணு, எழுதி அனுப்புகிறேன் என்றேன். ஒரு பக்கத்தில் முடிந்துவிடும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நாயைப் பற்றி எழுத வேண்டுமென்றால் பிலோமினா மேடத்தைப் பற்றி எழுதியாக வேண்டும்.

நான் படித்தது பி.ஏ. வரலாறு. வரலாறு படித்தவனுக்குத் திருப்பூரில் இரண்டு வேலைதான் அப்போது கிடைத்தது: செக்கிங், பேக்கிங். செக்கிங்கில் உட்கார்ந்து படிக்கலாம் என்று யாரோ சொன்னதை நம்பிச் சேர்ந்தேன். நின்றுகொண்டே எட்டு வருஷம் போனது. பிறகு லைன் க்யூசி, பிறகு ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன், கடைசியில் வெண்டர் ஆடிட். அதாவது, எங்கள் கம்பெனி ஆர்டரை வெளியே கொடுத்துத் தைக்க வேண்டுமென்றால், அந்த யூனிட் யோக்கியமானதா என்று முதலில் போய்ப் பார்த்துச் சொல்கிற வேலை. அந்த வேலையில் எனக்கு மேலே இருந்தவர் மேடம்.

விருதுநகர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். கணவர் நிட்டிங் மாஸ்டர். மேடமும் முதல் பதினோரு வருஷம் நிட்டிங் ஹாலில்தான் துணி ரோல் பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல உயரம், வெளுத்த காட்டன் புடவை, கழுத்தில் சிலுவையும் இஞ்ச் டேப்பும். எதிரே நிற்பவர் வாயையே உற்றுப் பார்த்துக்கொண்டு பேசுவார். பொய் சொல்கிறோமா என்று அளக்கிறார் என நாங்களெல்லாம் நடுங்குவோம். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பவே மாட்டார். அதை அதிகாரம் என்று எடுத்துக்கொண்டோம். நான் அதைப் பார்த்து நகல் எடுக்கக்கூட முயன்றேன். என் கீழே இருந்தவர்கள், சண்முகண்ணாவுக்குக் காதில் ஏதோ கோளாறு என்று பேசிக்கொண்டார்கள்.

ஒரு யூனிட்டுக்குப் போனால் மேடம் ஆபீஸ் அறைக்குள் நுழைய மாட்டார். டீ வேண்டாம், இளநீர் வேண்டாம். சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் சான்றிதழ்களை ஏறெடுத்துப் பார்க்க மாட்டார். நேராகத் தையல் ஹாலுக்குப் போய் முதலில் கேட்பது ஒரே கேள்வி: “கெட்ட பீஸெல்லாம் எங்க வச்சிருக்கீக?”

ஒரு தடவை ஒரு புதிய யூனிட். ஆறு தையல் லைன் ஓடுகிறது. தரையில் முகம் பார்க்கலாம். சிவப்புப் பெயின்ட் அடித்த ரிஜெக்‌ஷன் பெட்டி, அதன் மேலே மூன்று மொழியில் போர்டு. பெட்டிக்குள் ஒரு நூல்கூட இல்லை. முதலாளி கையைக் கட்டிக்கொண்டு, “எங்க டெய்லருக அப்பிடீங்க மேடம், கெடவே கெடாதுங்க” என்றார். நான் என் பங்குக்கு, அருமை என்று தலையாட்டினேன். மேடம் பெட்டியை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு பின்பக்கமாக நடந்தார். ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னால், தார்ப்பாய்க்கு அடியில் நான்கு சாக்கு. எண்ணெய்க் கறை, ஊசி ஓட்டை, கோணல் கழுத்து, எல்லாம் அதில் இருந்தன.

வேனில் திரும்பும்போது சொன்னார்: “ஆறு லைனுக்கு ஒரு நாளைக்கு ஒரு கூடை கெடும்யா. அந்தக் கூடைய என் கண்ணுல காட்டுறவனுக்கு மட்டும் ஆர்டர் குடு.”

இதை என் டைரியில் எழுதி அடிக்கோடும் போட்டேன். பின்னால் நான் எவ்வளவு லட்சணமாக இதைக் கடைப்பிடித்தேன் என்பதைத்தான் சொல்லப் போகிறேன்.

மேடம் எனக்கு நாலு வருஷம் முன்னால் ஓய்வு பெற்றார். கணவர் அதற்கு முன்பே போய்விட்டார். ஒரே மகன் ஆன்டோ, பெங்களூரில் சாஃப்ட்வேர் வேலை. பெருமாநல்லூரில் சொந்த வீடு. முன்னால் கேட், பின்னால் முருங்கை, நடுவில் மேடம் தனியாக. அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது, அவருக்குக் காது பெரும்பாலும் போய்விட்டது என்று. நிட்டிங் ஹால் இரைச்சல் செய்த வேலை. எங்கள் வாயை அவர் உற்றுப் பார்த்ததற்கும், கூப்பிட்டால் திரும்பாததற்கும் அர்த்தம் அன்றைக்குத்தான் விளங்கியது. அத்தனை வருஷம் நான் பயந்த கம்பீரத்தில் பாதி, வெறும் செவிட்டுத்தனம்.

காதில் மாட்டுகிற மிஷின் இருக்கிறது. வெளி ஆட்கள் வந்தால் மாட்டிக்கொள்வார். தனியாக இருக்கும்போது கழற்றி வைத்துவிடுவார். ஃபேன் சத்தம், மிக்ஸி சத்தம் எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டிக் கொடுக்கிறதாம். “காதுக்குள்ள மறுபடி ஷிப்ட் ஆரம்பிக்குதுய்யா” என்பார். காலிங் பெல் அடித்தால் பல்பு மின்னுகிற மாதிரி ஆன்டோ ஒன்று மாட்டிக் கொடுத்திருந்தான். சமையல்கட்டில் இருந்தால் அந்தப் பல்பு தெரியாது. இரண்டு தடவை பால் பாத்திரம் கருகியது. மூன்றாவது தடவை குக்கர் தண்ணீர் வற்றி, வால்வு பிய்த்துக்கொண்டு போய்க் கூரையில் அடித்தது. மேடம் ஹாலில் நிம்மதியாகப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

அந்த ஈஸ்டருக்கு வந்த ஆன்டோ கூரையில் இருந்த கறையைப் பார்த்துவிட்டு ஒரு முடிவோடு பேசினான். அடுத்த ஈஸ்டருக்கு வருவேன், அதற்குள் ஏதாவது வழி செய்திருக்க வேண்டும். இல்லையென்றால் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு அம்மா பெங்களூர் வந்துவிட வேண்டும். பதினாலாவது மாடி. அவன்மேல் தப்பே சொல்ல முடியாது.

மேடம் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்தார்.

“எங்க ஐயா வீட்டுல ராஜபாளையம் நாய் இருந்துச்சு. வாசல்ல ஆள் வந்தா உள்ள வந்து முட்டும். அது மாதிரி ஒரு குட்டி வேணும். நான் போனா ஏமாத்திருவாங்ய, பேசுறது பாதி விளங்காது. நீ பாத்து எடு. என் காதுக்கு எடுக்குறேன்னு நெனச்சு எடு.”

இத்தனை வருஷப் பழக்கத்தில் மேடம் என் முடிவுக்கு விட்ட முதல் காரியம் அது. நான் ஏற்கெனவே புத்தகப் பைத்தியம். நூலகத்தில் நாய் அலமாரி முழுவதையும் படித்து முடித்தேன். பிறகு நாற்பத்திரண்டு பாயிண்டில் ஒரு செக்லிஸ்ட் அடித்தேன். கட்டட அமைப்பு, சுத்தம், ஆவணங்கள், தடுப்பூசி அட்டை, பரம்பரைச் சான்று, குட்டியின் நிறம், பல், நடை. ஒவ்வொன்றுக்கும் மார்க். படித்த முட்டாள் என்று என் மனைவி சாவித்திரி என்னைச் சொல்வதற்கு நான் அடிக்கடி ஆதாரம் தயாரித்துக் கொடுப்பவன்.

முதலில் சேவூர் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போனேன். பொன்னுசாமி என்று ஒருவர். தென்னையும் ஆடும் வைத்திருக்கிறவர், ராஜபாளையம் நாய் வளர்ப்பதில் ஆள் கெட்டிக்காரர் என்று கால்நடை மருத்துவர் சொல்லியிருந்தார். போர்டு இல்லை. கேட்டைத் திறந்ததும் சேறு. குட்டி போட்ட தாய் நாய் வைக்கோல் மேல் படுத்துக்கொண்டு என்னைப் பார்த்து உறுமியது. ‘வரவேற்புச் சூழல்’ என்ற பாயிண்டில் முட்டை போட்டேன்.

மனுஷன் என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை. நான் கேட்பதற்கு முன்னால் அவர் கேட்க ஆரம்பித்தார். யாருக்கு நாய்? ஊடு சொந்த ஊடா? பகலில் ஆள் இருப்பார்களா? இதுக்கு முன்னால் நாய் வளர்த்தார்களா, அந்த நாய் எப்படிச் செத்தது? கடைசிக் கேள்வியில் எனக்குக் கோபமே வந்துவிட்டது. கேள்வி கேட்பது என் தொழில். வெண்டர் கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை.

“சான்றிதழ் இருக்குங்களா?” என்றேன்.

பென்சிலால் எழுதிய பள்ளிக்கூட நோட்டு ஒன்றைக் கொண்டு வந்தார். எந்த நாய்க்கு எந்த நாய், எத்தனை குட்டி, எது எங்கே போனது. அதை ஆவணம் என்று நான் சேர்க்கவில்லை. பிறகு அவராகவே, தென்னைக்கு அடியில் தூங்கிக்கொண்டிருந்த பெரிய வெள்ளை நாய் ஒன்றைக் காட்டினார்.

“அதுக்குக் காது கேக்காதுங்க. வெள்ளை நாய்ல அப்பிடி ஒண்ணு ரெண்டு பொறக்குமுங்க. அது பொறந்ததுக்கப்பறம் அதோட ஆயா அப்பனை நான் மறுபடி சேக்கறதே இல்லீங்க. இதையும் யாருக்கும் குடுக்கல, இங்கயே கெடக்குது.”

நான் செக்லிஸ்டில் எழுதியது இன்னும் என்னிடம் இருக்கிறது: ‘குறைபாடு வெண்டரே ஒப்புக்கொண்டார்.’ எதிரே மைனஸ் பத்து. சாக்கு மூட்டையை மேடம் கண்டுபிடித்த நாளில் பக்கத்திலேயே நின்றவன், அடிக்கோடு போட்டவன். கூடையைத் தானாகவே கொண்டு வந்து கண்ணில் காட்டிய ஒரே ஆளுக்கு மைனஸ் பத்து போட்டேன்.

இப்போதிருக்கிற குட்டியெல்லாம் பேசி முடித்தாகிவிட்டது, இனி அடுத்த ஈற்றுக்குத்தான், ஐந்தாறு மாதம் ஆகும் என்றார். அதற்கும் மைனஸ். டெலிவரி தாமதம்.

அடுத்து திருப்பூர் டவுனுக்குள்ளேயே ஒரு கென்னல். கண்ணாடிக் கதவு, டைல்ஸ், ஃபினாயில் வாசனை. சுவர் முழுக்கச் சான்றிதழ், கோப்பை, ரிப்பன். கோட்டு போட்ட பையன், “சார், வாங்க சார்” என்று ஃபைல் நீட்டினான். என் நாற்பத்திரண்டு பாயிண்டுக்கும் அவனிடம் பேப்பர் இருந்தது. நான் கேட்க மறந்த மூன்று பாயிண்டுக்கும் பேப்பர் இருந்தது.

தாய் நாயைப் பார்க்கலாமா என்று கேட்டேன். கேட்டேன் என்பதை மட்டும் என் சார்பாகப் பதிவு செய்துகொள்கிறேன். தாய் வெளியூரில் ஃபார்மில் இருக்கிறது, குட்டிகள் மட்டும் இங்கே வரும் என்றான். இந்தப் பதிலை வேறு ஊர்க்காரனிடம் சொல்லியிருந்தால் சந்தேகப்பட்டிருப்பான். எங்களுக்கு நூல் ஓர் இடம், நிட்டிங் ஓர் இடம், சாயம் ஓர் இடம், தைப்பது ஓர் இடம், பட்டன் கட்டுவது ஏதோ ஒரு வீட்டில். எல்லாமே ஜாப் ஒர்க். ஒரே கூரைக்குள் எல்லாம் நடக்கிறது என்று ஒருவன் சொன்னால்தான் நாங்கள் நம்ப மாட்டோம். ஆகவே நாய்க்கும் அம்மா வேறு ஊரில் இருப்பது எனக்கு மிக இயல்பாகப் பட்டது. டிக் அடித்தேன்.

ஐந்து குட்டிகள் கண்ணாடிக் கூண்டுக்குள். இனி என் திறமையைக் கேளுங்கள். காதுக்குத்தானே எடுக்கிறோம், காதைச் சோதிக்க வேண்டாமா? கூண்டுக்குப் பின்னால் போய் நின்று பலமாகக் கைதட்டினேன். ஐந்தும் திரும்பின. மறுபடி தட்டினேன். மறுபடி ஐந்தும் திரும்பின. ஃபைலில் எழுதினேன்: காது, ஐந்துக்கு ஐந்து.

அதில் ஒன்று பளிச்சென்று வெள்ளை. ஒரு துளி மஞ்சள் இல்லை, மூக்கு ரோஜா நிறம். வெள்ளை ஷேடுக்காகப் துணி வாங்குகிற பையரோடு, நிறம் பார்க்கிற லைட் பாக்ஸ் முன்னால் நின்று வருஷக் கணக்கில் மல்லுக்கட்டியவன் நான். பால் வெள்ளை, பனி வெள்ளை, நீலம் ஓடிய வெள்ளை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இப்படி ஒரு வெள்ளையை எந்தச் சாயப் பட்டறையும் எனக்குக் கொடுத்ததில்லை. தவிர, அதற்கு நிதானமான குணம். நான் ஃபைலில் எழுதி முடிப்பதற்குள் குட்டிகள் தூங்கிவிட்டன; அப்போது கொஞ்சம் தள்ளி ஒருவன் இரும்புத் தட்டைக் கீழே போட்டான். மற்றவை விழித்துக்கொண்டு மிரண்டன, இது மட்டும் தூங்கிக்கொண்டே இருந்தது. ‘சத்தத்துக்கு அஞ்சாதது’ என்று எழுதிக் கூடுதல் மார்க் போட்டேன்.

அதையே வாங்கிக் கொண்டுபோய் விட்டேன். மேடத்துக்குக் குட்டியை ரொம்பப் பிடித்துவிட்டது. மூன்று வாரம் நான் அந்தப் பக்கம் போகவில்லை. போனில் மெசேஜ் மட்டும் வரும்: நல்லாச் சாப்பிடுது. தொந்தரவே இல்லை. ஒரு தடவை, இந்த வாரம் வாசலுக்கு யாருமே வரலை போல, அது முட்டவே இல்லை, என்று ஒரு மெசேஜ். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

ஒரு நாள் காலை பதினோரு மணிக்குப் போனேன். கேட்டில் மூன்று கூரியர் சீட்டு செருகியிருந்தது: வந்தோம், ஆள் இல்லை. பெல் அடித்தேன். கேட்டைத் தட்டினேன், ஆட்டினேன், தாழ்ப்பாளை இழுத்து இழுத்து அடித்தேன். எதிர்வீட்டு அம்மா வெளியே வந்து, ஏனுங்க இப்பிடிப் போட்டு ஒடைக்கறீங்க என்றார். ஜன்னல் வழியாகப் பார்த்தால் உள்ளே சமையல்கட்டில் மேடம் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் குட்டியும் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பீன்ஸைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. உலகத்தில் அவ்வளவு அமைதியான இரண்டு ஜீவன்களை நான் பார்த்ததில்லை.

கண் முன்னால் பதினாலாவது மாடி தெரிந்தது.

பின்பக்கமாகச் சுற்றிப் போய், எதிரில் நின்று, குட்டிக்கும் காது கேட்கவில்லை என்று சொன்னேன். மேடம் காதில் மிஷினை மாட்டிக்கொண்டு, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னேன். குட்டிக்குப் பின்னால் நின்று கைதட்டிக் காட்டினேன். அது ஒரு பீன்ஸ் காம்பை முகர்ந்துகொண்டிருந்தது.

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் ஆடிட் எடுத்தார்.

“எப்பிடி டெஸ்ட் பண்ணுன?”

“கைதட்டுனனுங்க மேடம். அஞ்சும் திரும்புச்சு.”

“அஞ்சையும் ஒண்ணா வச்சா?”

“ஒரே கூண்டுலதாங்க இருந்துச்சு.”

“நாலு திரும்பும்போது அஞ்சாவது சும்மா இருக்குமாய்யா? லாட்டப் பாஸ் பண்ணிருக்க. பீஸப் பாக்கல.” அடுத்து, “ஆத்தாளப் பாத்தியா?” என்றார்.

ஜாப் ஒர்க் என்றேன். மேடம் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். அத்தனை வருஷத்தில் அவர் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. அந்தத் தண்ணீர் முழுவதும் சிரிப்பால் வந்ததல்ல என்று எனக்குத் தோன்றியது.

கென்னலுக்குப் போன் போட்டேன். பையன் ரொம்ப மரியாதையாகப் பேசினான். கொண்டு வாங்க சார், வேற குட்டி மாத்தித் தர்றோம் என்றான். இந்தக் குட்டியை என்ன செய்வீர்கள் என்று மேடம் கேட்கச் சொன்னார். கேட்டேன். அது நாங்க பாத்துக்கறோம் சார் என்றான். வேறு ஒருவருக்கு, வேறு ஒரு கூண்டில், நாலு குட்டியோடு சேர்த்து வைத்துக் காட்டுவான் என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்தது. நான் போனை வைத்துவிட்டேன்.

குட்டியைத் தேர்ந்தெடுத்தவன் நான் என்பதால் அது என் வீட்டுக்கு வந்தது. சாவித்திரி விஷயத்தைக் கேட்டுவிட்டு அதற்கு அப்ரூவல் என்று பேர் வைத்தாள். “இருக்கட்டுங்க. நீங்க பேசறத இந்த ஊட்ல யாரும் கேக்கறதில்ல. இது ஒண்ணுதான் நெசமாலுமே கேக்காம இருக்குது” என்றாள். கையால் சைகை காட்டினால் உட்காரும், வரும், படுக்கும். வாசலில் பெயிண்டர் டிரம் உருட்டினாலும் தூங்கும். அந்த விஷயத்தில் என் ரிப்போர்ட் சரிதான்.

அடுத்த வாரம் மேடத்தை அழைத்துக்கொண்டு சேவூர் போனேன். பொன்னுசாமியிடம் நடந்ததைச் சொன்னேன், மைனஸ் பத்து உட்பட. அவர் சிரிக்கவில்லை. “ரொம்ப வெளுப்பா இருந்தா காது போறது சாஸ்திங்க” என்று மட்டும் சொன்னார். அடுத்த ஈற்றில் ஒரு குட்டி கேட்டோம். தருகிறேன் என்று சொல்லவில்லை. ஊட்டை வந்து பார்க்கிறேன் என்றார்.

வந்தார், மொபெட்டில். அன்றைக்கு நான் பார்த்த காட்சியைப் பழைய கம்பெனியில் யாரும் நம்ப மாட்டார்கள். பிலோமினா மேடத்தை ஒருவர் ஆடிட் செய்கிறார். கேட்டுக்கு அடியில் இருக்கும் இடைவெளியை முஷ்டியை விட்டுப் பார்த்தார். காம்பவுண்டு உயரத்தைத் தன் தோளால் அளந்தார். டீ வேண்டாம் என்றார். எதிர்வீட்டு அம்மாவிடம் போய் ஏதோ பேசிவிட்டு வந்தார். மேடம் புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். அவர் அப்படி நின்று நான் பார்த்ததில்லை. எங்கள் வெண்டர்கள் அப்படித்தான் நிற்பார்கள்.

மேடம் தன் வாயைப் பார்க்கும்படி பொன்னுசாமி எதிரில் உட்கார்ந்தார். மெதுவாகப் பேசினார்.

“உங்களுக்குக் காது கேக்காதுங்கறாங்க. குட்டி அழுதா என்னம்மா பண்ணுவீங்க?”

“கட்டிலோட ஒட்டிப் படுக்க வப்பேன். மேல ஒரு கை இருக்கும். அழுதா ஒடம்பு நடுங்கும்ல, தெரிஞ்சுரும்.”

அவர் தலையாட்டினார். அதற்குப் பிறகு ஒரு கேள்வி.

“செரி. வளத்திப் பாத்து, உங்களுக்கு ஒத்து வரலீன்னா?”

நான் பக்கத்திலிருந்து கண்ணைக் காட்டினேன். பெத்த பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொள்வேன் என்று சொல்ல வேண்டும், அதுதான் ஆடிட்டில் சொல்கிற பதில். மேடம் என் பக்கம் திரும்பவில்லை.

“ஒத்து வரலன்னா ஒங்ககிட்டயே கொண்டாந்து விட்டுருவேன். வேற ஒருத்தர் கையிலயும் குடுக்க மாட்டேன்.”

போச்சு என்று நினைத்தேன். பொன்னுசாமி என் பக்கம் திரும்பினார்.

“புள்ளையாட்டம் பாத்துக்கறேன்னு சொல்லி வாங்கிட்டுப் போனவங்க நாயை, மூணே மாசத்துல பஸ் ஸ்டாண்டுல பாத்திருக்கறனுங்க” என்றார் என்னிடம். பிறகு மேடத்திடம், “குட்டி போட்டதும் சொல்லி அனுப்பறேன். ரெண்டு மாசம் ஆயாகிட்ட இருக்கோணும். அதுக்கு முன்னாடி கேக்கக் கூடாதுங்க” என்றார்.

கவிதா, நீ இதைக் குறித்துக்கொள். வாங்க வந்தவனைச் சோதிக்காமல் குட்டியைத் தூக்கிக் கொடுப்பவனிடம் நீ சோதிக்க எதுவும் மிச்சமில்லை.

மழைக்காலம் ஆரம்பிப்பதற்கு முன்னால் ஆறு குட்டி பிறந்தன. கண் திறந்து, காது விரிந்து, ஓடி ஆடுகிற வயது வந்ததும் பொன்னுசாமி எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். ஒவ்வொரு குட்டியாகத் தனியே மோட்டார் ரூமுக்குத் தூக்கிப் போனார். மற்ற குட்டிகள் கண்ணில் படக்கூடாது, வாசனைகூட வரக்கூடாது. அது அசந்து தூங்கும்வரை காத்திருந்தார். பிறகு அதற்குப் பின்னால், காற்றுப் படாத தூரத்தில் நின்று, சோளம் போட்ட டப்பாவை லேசாக ஆட்டினார். பலமாக அல்ல, பலமாகத் தட்டினால் தரை அதிரும், செவிட்டுக் குட்டியும் எழுந்துவிடும் என்றார். காது மடல் அசைந்தால் சரி. ஒரு குட்டிக்கு அரை மணி நேரம். மேடம் ஒவ்வொன்றையும் மூன்று தடவை செய்து காட்டச் சொன்னார். அவர் சலித்துக்கொள்ளாமல் செய்தார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்து லேசாகத் தலையாட்டிக்கொண்டதை நான் கொஞ்சம் பொறாமையோடுதான் பார்த்தேன்.

ஆறில் ஒன்று எழவில்லை. அதன் கழுத்தில் ஒரு கறுப்புக் கயிறு கட்டி, நோட்டில் பென்சிலால் எழுதிக்கொண்டார்.

மேடம் எடுத்தது ரொம்ப வெள்ளையான குட்டி அல்ல. காதோரம் சந்தன நிறம் ஓடிய பெட்டை. என்னிடம் ஷேடு பற்றி அபிப்பிராயம் கேட்கவில்லை. ராணி என்று பேர் வைத்தார்.

பழக்கியது அவரேதான். மேடம் சொன்ன நேரத்துக்கு எதிர்வீட்டு அம்மா வந்து பெல் அடிப்பார். ஆன்டோ மாட்டிய பல்பு மின்னும். மின்னிய உடனே மேடம் குட்டியைத் தன்னிடம் இழுத்து, கையை முட்ட வைத்து, ஒரு துண்டு கறி. குக்கருக்கு ஆவி கிளம்புவதைப் பார்த்து அதே மாதிரி. தினமும் இத்தனை தடவை சத்தம், இத்தனை தடவை முட்டியது என்று நோட்டில் குறித்தார். முதல் மாதம் பெரும்பாலும் பூஜ்யம். அப்போது செருப்பைத்தான் கடித்துக்கொண்டிருந்தது. இரண்டாவது மாதம் பெல்லுக்கு வந்தது. குக்கருக்கு வரவே இல்லை. மார்ச் பாதியில் ஒரு நாள் எனக்கு மெசேஜ்: இன்னைக்கு மூணு விசிலுக்கும் முட்டுச்சு.

ஈஸ்டர் வந்தது. மதியச் சாப்பாட்டுக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். ஆன்டோ காலி சூட்கேஸ் இரண்டு கொண்டு வந்திருந்தான்; அம்மாவின் துணிமணிக்கு. ராணியைத் தடவிக் கொடுத்தான். அழகான நாய்தான் அங்கிள், ஆனா நாயை நம்பி எப்பிடி விட்டுட்டுப் போறது என்று என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னான். ஒரு தடவை நாயை நம்பச் சொல்லி ரிப்போர்ட் கொடுத்தவன் நான்.

மேடம் மிஷினைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டு, அடுப்புப் பக்கம் திரும்பி அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தார். ராணி ஹால் மூலையில் படுத்திருந்தது. ஆன்டோ சாப்பிட்டு எழுந்தான். சமையல்கட்டு வாசலில் நின்று அம்மாவின் முதுகைக் கொஞ்ச நேரம் பார்த்தான். என்னை ஒரு தடவை பார்த்தான். பிறகு கையிலிருந்த எவர்சில்வர் தட்டை அப்படியே தரையில் போட்டான்.

அந்தச் சத்தத்துக்கு நானே துள்ளிவிட்டேன். மேடத்தின் தோள் அசையவில்லை.

ராணி எழுந்தது. தட்டை முகர்ந்து பார்க்கவில்லை, ஆன்டோவைப் பார்க்கவில்லை. அவன் காலுக்கும் நிலைக்கும் நடுவே புகுந்து உள்ளே போய், மேடத்தின் முழங்கையில் மூக்கை வைத்து முட்டியது. ஒரு தடவை. கொஞ்சம் பொறுத்து இன்னொரு தடவை.

மேடம் முதலில் அடுப்பை அணைத்தார். பிறகு திரும்பினார். நாயைப் பார்த்தார், தரையில் கிடந்த தட்டைப் பார்த்தார், மகன் முகத்தை உற்றுப் பார்த்தார். யூனிட் யூனிட்டாக எத்தனையோ முதலாளிகள் அந்தப் பார்வையில் வியர்த்திருக்கிறார்கள்.

“தட்டக் கழுவிக் கவுத்துட்டுப் போ, ஆன்டோ” என்றார்.

அவன் கழுவினான்.